சண்பகமும் சப்பு மரமும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இந்த அமர்வுக்கென எனக்குத் தரப்பட்ட தலைப்பு ‘இயற்கையும் தமிழ்க் கவிதையும்’ என்பதாகும். இதே தலைப்பில் இதற்கு முன் மூன்று மேடைகளில் பேசியிருக்கிறேன். மூன்றிலும் ஏறக்குறைய ஒரே உரையையே ஆற்றினேன் என்பதைப் பத்தாண்டுப் பழக்கத்தின் உரிமையில் இன்று ஒப்புக்கொள்ளலாம். முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று தொடங்கி, நிலமும் பொழுதும் கூறி, இடையிடையே மேற்கோள்களைப் பெய்து, பழந்தமிழர் இயற்கையோடு இயைந்து வாழ்ந்தனர் என்று முடித்தால் நாற்பது நிமிடம் நிறைந்துவிடும். கைதட்டலும் கிடைக்கும். இன்று அந்த உரையை வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். அதற்குப் பதிலாக ஒரேயொரு பாதையைப் பற்றிப் பேச விரும்புகிறேன். நாம் கூடியிருக்கும் இந்த மண்டபத்திலிருந்து இருபது நிமிட நடையில் அது தொடங்குகிறது. இங்குள்ளோரில் எத்தனை பேர் அதில் நடந்திருக்கிறீர்கள் என்று கைதூக்கச் சொல்லி யாரையும் சங்கடப்படுத்தப் போவதில்லை. 2022ஆம் ஆண்டு வரை என் கையும் தூக்கப்பட்டிராது.

கண்டி வாவியின் வடகரையில் தலதா மாளிகை. அதன் பின்னே எழுகின்ற குன்றை மூடியிருக்கும் காட்டின் பெயர் உடவத்தகெலே. பரப்பு ஏறத்தாழ 104 ஹெக்டயர். அதன் உச்சி கடல் மட்டத்திலிருந்து 635 மீற்றர் உயரத்தில் உள்ளது. வாவியின் நீர்மட்டத்திலிருந்து பார்த்தால் நூறு மீற்றருக்குச் சற்று மேல். பெருங்காடு அன்று, ஒரு நகரத்தின் தோளிலே கிடக்கும் சால்வை அளவான காடு. ஆயினும் உள்ளே ஐம்பது அடி சென்றதும் பேருந்து நிலையத்தின் இரைச்சல் அடங்கிவிடுகிறது.

கண்டி அரசர் காலத்தில் இது அரண்மனைக்கு மேலுள்ள தோட்டம். குடிமக்கள் நுழையலாகாது என்ற கட்டளை இருந்தமையால் ‘தகன்சி கெலே’, அதாவது தடுக்கப்பட்ட காடு, என்றும் அழைக்கப்பட்டது. உள்ளே ஒரு குளம் இருக்கிறது. அரச குடும்பத்தார் நீராடிய குளம் என்பர். கீழேயுள்ள வாவியை 1807இல் அமைத்தவன் கடைசி மன்னனான ஸ்ரீவிக்கிரம ராஜசிங்கன். கண்ணுசாமி என்ற இயற்பெயர் கொண்ட நாயக்க வமிசத்தவன். வயல் நிலமாக இருந்ததை நீர்நிலையாக்கி, அதன் நடுவே தீவொன்றும், கரையிலே மேக வடிவான மதிலும் சமைத்தான். மதில் முடியுமுன் அரசு முடிந்தது. 1815இல் பிரித்தானியரிடம் பிடிபட்டு, வேலூர்க் கோட்டைக்கு அனுப்பப்பட்டு, 1832இல் அங்கேயே இறந்தான். தமிழகத்திலிருந்து வந்த குலத்தவன் ஒருவன் தமிழகத்துக்கே நாடு கடத்தப்பட்ட கதை இது. இங்கு அமர்ந்திருக்கும் மலையகத்துச் செவிகளுக்கு இது அந்நியமான கதையாக இராது.

பிரித்தானியர் 1856இல் இதனை ஒதுக்கக் காடாக அறிவித்தனர். 1938இல் இது சரணாலயமாயிற்று. காட்டின் பாதைகளுக்கு அவர்கள் இட்ட பெயர்கள் இன்றும் வழங்குகின்றன: லேடி ஹோர்ட்டன் டிரைவ், லேடி டொரிங்டன் சாலை, லேடி கோர்டன் சாலை. தேசாதிபதிகளின் மனைவியர் பெயர்களே எல்லாம்.

இவற்றுள் முதற்பெயரிலே கவிஞர்கள் சற்று நிற்க வேண்டும். சேர் ரொபர்ட் வில்மட் ஹோர்ட்டன் 1831 முதல் 1837 வரை இலங்கையின் தேசாதிபதியாக இருந்தவர். ஆங்கிலக் கவிஞர் பைரனுக்கு நெருங்கிய உறவினர். 1814ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இலண்டனில் நடந்த விருந்தொன்றிலே இவருடைய மனைவி ஆன், துக்கம் காக்கும் கறுப்பு உடையில், ஆனால் அவ்வுடையெங்கும் மின்னும் சரிகைப் பொட்டுகளோடு வந்திருந்தார். அந்தக் கோலத்தைக் கண்ட பைரன் எழுதிய கவிதைதான், அழகோடு நடந்து வரும் பெண்ணொருத்தியை விண்மீன் நிறைந்த இரவுக்கு ஒப்பிடும் புகழ்பெற்ற பாடல். அடுத்த ஆண்டு வெளியான ‘எபிரேய மெல்லிசைகள்’ தொகுதியில் அது இடம்பெற்றது. ஆங்கில இலக்கியம் பயின்றோர் அனைவரும் மனப்பாடம் செய்த கவிதை. அதன் நாயகி நடந்த பாதை நம் நகரத்துக் குன்றின் மேல் இருக்கிறது. அவர் இங்கு வருமுன்பே, 1824இல், பைரன் இறந்துவிட்டார். ஆகவே உடவத்தகெலேயைப் பற்றி அவர் ஒரு சொல்லும் எழுதவில்லை. எழுதியிருந்தால் இங்கே சுற்றுலாப் பயணிகளின் கூட்டம் தாங்க முடியாமற் போயிருக்கும், இப்படியே நல்லது.

பெயரைச் சொன்னது வேறொரு காரணத்துக்காக. ‘டிரைவ்’ என்றால் வண்டியோட்டிச் செல்லும் சாலை. சீமாட்டிகளின் உலாவுக்கென அமைந்ததாலே இந்தப் பாதை அகலமானது. செங்குத்தாக ஏறாமல் குன்றைச் சுற்றிச் சுற்றி மெல்ல ஏறுவது. குழந்தைகளும் முதியோரும் அச்சமின்றி நடக்கலாம். ஆற அமர நடந்தாலும் இரண்டு மணி நேரத்தில் குளத்தைச் சுற்றித் திரும்பிவிடலாம். தேசாதிபதியின் மனைவிக்காக நிரவப்பட்ட சரிவு, முழங்கால் தேய்ந்துபோன கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்திக்கு இருநூறு ஆண்டுகளின் பின் பயன்பட்டது. அந்தப் பெண் என் தாய்.

2022ஆம் ஆண்டின் நடுப்பகுதி உங்களுக்கு நினைவிருக்கும். பெற்றோல் வரிசையில் மனிதர் உறங்கிய நாட்கள். எரிவாயு இல்லை, பாடசாலைகள் மூடியிருந்தன. என் மகளுக்கு அப்போது பத்து வயது. வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த அவளை எங்கேனும் அழைத்துச் செல்ல வேண்டுமென்றால், காலால் போகக்கூடிய இடமாக இருக்க வேண்டும். அப்படித்தான் உடவத்தகெலே நினைவுக்கு வந்தது. தோட்டத்திலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த அம்மாவையும் அழைத்தேன்.

“எதுக்கு?” என்றார்.

“சும்மா, காலாற நடந்திட்டு வரலாம்மா.”

“முப்பத்தொரு வருஷம் காலாற நடந்தது பத்தாதா?”

நான் பேசாமலிருந்தேன். ஆறு மணிப் பெரட்டுக்கு இருட்டோடு எழுந்து, மலை ஏறி, முதுகிலே கொழுந்தைச் சுமந்து இறங்கிய ஒருவருக்கு ‘நடை’ என்ற சொல்லின் பொருள் வேறு. வேலை இல்லாமல் மலை ஏறுவது என்பது அவருடைய அகராதியில் இல்லாத செயல். தோட்டத்தில் வேலையற்று நடந்தவர்கள் இருவரே: துரை ஒருவர், மற்றவர் பைத்தியம்.

இன்னும் பின்னே சென்றால் இது மேலும் கனக்கிறது. நம் முன்னோர் இந்த மலைகளுக்கு வந்ததே காட்டு நடையால்தான். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுப் பாதையிலே தம்புள்ளை வழியாக மாத்தளை வரை நடந்தார்கள். பசியாலும் காய்ச்சலாலும் கொலராவாலும் வழியில் விழுந்தோர் பலர். அவர்களுக்கு அடக்கக் குறியும் இல்லை. கோப்பிக்காகக் காட்டை அழித்த கைகள் அவர்களுடையவை. அழிக்கக் கிடைத்த கூலி அவர்களுடைய உணவு. மலையக வரவின் 200ஆம் ஆண்டை முன்னிட்டு, 2023ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரிலிருந்து புறப்பட்டு ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையை அடைந்த நடைபயணம் அந்த வழியையே நினைவு கூர்ந்தது. இங்கிருப்போர் சிலரும் அதில் சில மைல்களேனும் நடந்தீர்கள் என்பதை அறிவேன். காடு எங்களுக்கு இன்ப உலாவுக்கான இடமாக இருந்ததில்லை. கடக்க வேண்டியதாக, அழிக்க வேண்டியதாக, விறகு எடுக்க வேண்டியதாக இருந்தது. குடும்பத்தோடு காட்டில் உலாவுவது எங்கள் குடும்பத்தில் முதன்முறையாக நடந்தது 2022இல், பெற்றோல் இல்லாத காரணத்தால்.

அம்மா வந்தார். பேத்திக்காக வந்தார். புறப்படுமுன் சவர்க்காரக் கட்டியை எடுத்து மூவர் கால்களிலும் கணுக்கால் வரை தண்ணீரின்றித் தேய்த்தார். மழைக்காலமல்லவா, அட்டைக்கு அதுதான் மருந்து. வழிகாட்டி நூல்கள் வேறு பல கூறுகின்றன. மூன்று பேரில் அட்டை கடித்தது என்னை மட்டும். சவர்க்காரத்தின் மேல் காலுறை அணிந்து நாகரிகம் பேணியது நான் ஒருத்திதான்.

உள்ளே நுழைந்து சிறிது தூரம் சென்றதும், பின்னால் வந்த அம்மாவைக் காணவில்லை. திரும்பிப் பார்த்தால், பாதையோரம் குனிந்து காய்ந்த குச்சிகளைப் பொறுக்கிக்கொண்டிருக்கிறார். இடுப்பில் ஏற்கெனவே ஒரு சிறு கட்டு. வீட்டில் எரிவாயு இல்லை என்பது அவருக்கு நினைவில் இருந்தது. சரணாலயத்திலிருந்து எதையும் எடுக்கக்கூடாது என்பது எனக்கு நினைவில் இருந்தது.

“அம்மா, இங்கே எடுக்கப்படாது.”

“காஞ்ச சுள்ளிதானே? யாருக்கு ஆகப்போவுது?”

விழுந்த கிளை மக்கி மண்ணாவதும், அதிலே வண்டும் காளானும் வாழ்வதும், அதனாலேயே காடு காடாயிருப்பதும் பற்றி ஒரு சிறு விரிவுரை நிகழ்த்தினேன். அம்மா பொறுமையாகக் கேட்டார். கட்டை அவிழ்த்து, எடுத்த இடங்களிலேயே ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டு வந்தார். அவர் போட்ட விதத்திலே ஒரு கண்டனம் இருந்தது. எனக்கோ உள்ளூர வேறொன்று உறுத்தியது. கபிலர் குறிஞ்சிப்பாட்டிலே அடுக்கும் 99 பூக்களில் ‘சுள்ளி’யும் ஒன்று. என் முனைவர்ப் பட்ட ஆய்வேட்டில் அந்தப் பூக்களுக்கென ஓர் இயலையே ஒதுக்கியிருந்தேன். அந்த இயலை எழுதி முடிக்கும் வரை, என் தாய் வாழ்நாளெல்லாம் சொன்ன ‘சுள்ளி’ ஒருமுறைகூட என் நினைவுக்கு வரவில்லை. இரண்டும் ஒரே பொருள் என்று நான் கூறவில்லை. நினைவுக்கு வரவில்லை என்பதையே கூறுகிறேன்.

பத்து வயதுப் பிள்ளையோடு காட்டில் நடந்தவர்களுக்குத் தெரியும், அங்கே ஒரே கேள்விதான் ஓயாது எழும்: “இது என்ன மரம்?” பெயர்ப் பலகை தாங்கிய மரங்கள் சில, தாங்காதவையே பல. முதல் மரத்துக்குத் தெரியாது என்றேன். இரண்டாவதற்கும் அப்படியே. ஐந்தாவது மரத்தில் மகள் என்னிடம் கேட்பதை விட்டுவிட்டு அம்மாயியிடம் கேட்கத் தொடங்கினாள்.

அம்மாயிக்குத் தெரிந்திருந்தது. எல்லாம் அல்ல, ஆனால் நிறையவே. கித்துள் தெரிந்தது. நெடும்பாம்புபோல் முறுக்கிக்கொண்டு மரத்துக்கு மரம் தாவும் பெருங்கொடியைச் சிங்களவர் ‘பூஸ் வெல’ என்பது தெரிந்தது. எந்த இலையை ஆடு தின்னும், எது தின்னாது என்பது தெரிந்தது. குளத்துக்கு அருகே வானை நோக்கி நேராக எழுந்து நின்ற, சாம்பல் நிறப் பட்டையுடைய மரமொன்றை மகள் காட்டினாள். பூவும் இல்லை, காயும் இல்லை. அம்மா அண்ணாந்து பார்த்தார். கீழே கிடந்த இலையொன்றை எடுத்துக் கசக்கி மோந்தார்.

“இது சப்பு மரம்.”

“சப்புன்னா?”

“பலகை மரம். நம்ம தோட்டத்துப் பிள்ளைக்காம்பரா கதவு இந்தப் பலகைதான்.” சற்று நிறுத்திவிட்டு, என்னைப் பாராமலே சொன்னார்: “ஒங்கப்பா பொட்டியும் இதுதான்.”

பாதையில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. மரத்தின் மேலே துடுப்புவால் கரிச்சான் ஒன்று எவருடைய குரலையோ பழித்துக்கொண்டிருந்தது. தோட்ட நிர்வாகம் கொடுத்த பலகையில், லயத்து முற்றத்திலேயே ஆசாரி அறைந்த பெட்டி அது. அதன் நிறம் எனக்கு நினைவிருந்தது, வெளிறிய மஞ்சள். அது எந்த மரம் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்து தாவர நூலைப் புரட்டினேன். சிங்களத்தில் ‘சபு’. தாவரவியலார் ‘மிச்செலியா சம்பகா’ என்று பெயரிட்டு, பின்னர் ‘மக்னோலியா’ இனத்தில் சேர்த்த மரம். அதாவது, சண்பகம். அன்பர்களே, சண்பகம்! குறிஞ்சிப்பாட்டின் 99இல் அதுவும் உண்டு. என் ஆய்வேட்டிலே அதற்கு இரண்டரைப் பக்கம். நச்சினார்க்கினியர் உரையை ஒப்பிட்டிருந்தேன், பிற்காலப் பக்தி இலக்கியத்திலே அது எவ்வாறு இறைவனின் மாலையாயிற்று என்று விளக்கியிருந்தேன், அடிக்குறிப்புகளுக்குக் குறைவில்லை. என் தந்தையை எடுத்துச் சென்றதும் சண்பகம்தான் என்பது அந்த இரண்டரைப் பக்கத்தில் இல்லை.

சமஸ்கிருதச் ‘சம்பக’ என்ற சொல் சிங்களத்திலே தேய்ந்து ‘சபு’ ஆகி, தோட்டத்துத் தமிழிலே ‘சப்பு’ என்று ஒலிக்கிறது; இலக்கியத் தமிழிலே ‘சண்பகம்’ என்று நிற்கிறது. மொழியியல் முறையில் இதை விளக்க ஐந்து நிமிடம் போதும். எனக்கு விளங்க நாற்பது வயதானது. நான் பூவை அறிந்திருந்தேன். அம்மா மரத்தை அறிந்திருந்தார். சண்பகப் பூவை எங்கு வேண்டுமானாலும் என்னால் இனங்காண முடியும். பூவில்லாத சண்பகம் என் முன் நின்றபோது எனக்கு அது வெறும் மரம்.

நம் கவிதையின் நிலையும் பெரும்பாலும் இதுதான் என்று சொன்னால் கோபிக்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன். கடந்த பத்தாண்டுகளில் இந்த வட்டத்தின் சந்திப்புகளில் வாசிக்கப்பட்ட கவிதைகளைக் கேட்டவள் நான். மரம் வருகிறது, என்ன மரம் என்று வருவதில்லை. பறவை வருகிறது, பெரும்பாலும் ‘பெயர் தெரியாத பறவை’. பெயர் தெரியாமை ஓர் அழகாகவே நம்மிடையே நிலைபெற்றுவிட்டது. பெயர் வரும்போதோ அது குறிஞ்சியாகவும் காந்தளாகவும் வருகிறது. ஏட்டிலிருந்து நேரே வந்த பூ, கால்வழி வந்ததன்று. தோட்டத்துத் தமிழோ இன்றும் பெயர்களால் நிறைந்திருக்கிறது. தேயிலைக்கு நிழல் தரும் கிரெவிலியாவைச் சிங்களவர் ‘சபுக்கு’ என்கின்றனர். எங்கள் தோட்டத்தார் ‘சவுக்கு’ என்கின்றனர். தமிழகத்தில் சவுக்கு என்பது வேறு மரம். சரி தவறு என்று தீர்ப்பளிக்க நான் வரவில்லை. கப்பலேறி வந்த ஒரு சொல், புதிய நாட்டில் புதிய மரமொன்றைப் பார்த்து, ‘இதற்கு நான் பெயராகிறேன்’ என்று ஒட்டிக்கொண்டிருக்கலாம். அதுவும் ஒரு கவிச்செயல்தான். செய்தவர் பெயர் எந்தத் தொகுதியிலும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சொல்வதற்குச் சற்றுத் தயக்கம் உண்டு. உடவத்தகெலேயில் இன்று பெரிய சிக்கல், வெளியிலிருந்து வந்த தாவரங்கள். தென்னமெரிக்காவைச் சேர்ந்த ‘மைரொக்சிலன்’ என்ற பிசின் மரம் இறக்கை கொண்ட விதைகளைக் காற்றில் பரப்பிக் காட்டின் பெரும்பகுதியில் நெருக்கி முளைத்திருக்கிறது. நாம் போத்தலில் வளர்க்கும் மணி பிளான்ட் அங்கே மரங்களில் ஏறி, உள்ளங்கை அளவான இலை முறம் அளவாகி, நிலத்தையும் மூடிவிடுகிறது. அதன் கீழே உள்ளூர் மரக்கன்று தலைதூக்க முடியாது. இதை மகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன்: “இதெல்லாம் வெளியிலிருந்து வந்தது. பிடுங்கினால்தான் காடு பிழைக்கும்.” பின்னால் வந்த அம்மா கேட்டார்: “எத்தனை வருஷம் இருந்தா ஊர் மரம்னு சேத்துக்குவாங்க?”

அம்மா பிறந்தது 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்துக்குப் பின். இந்த நாட்டிலே பிறந்து, இந்த நாட்டிலே கொழுந்து பறித்து, நடுவயது வரை எந்த நாட்டுக்கும் உரியவராக இல்லாதிருந்தவர். அவர் நகைச்சுவையாகக் கேட்டாரா, உண்மையாகவே கேட்டாரா என்று இன்றும் எனக்கு நிச்சயமில்லை.

கவிஞர்களே, இந்த உவமை உங்கள் பேனாவை இப்போதே அரிக்கிறது என்பதை அறிவேன். வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மணி பிளான்ட் உண்மையாகவே கன்றுகளைக் கொல்கிறது. எங்கள் மக்கள் எவர் கன்றையும் கொல்லவில்லை, காட்டைத் தம் விருப்பால் அழிக்கவும் இல்லை. மனிதரைக் களையோடு ஒப்பிடும் பழக்கம் இந்த நாட்டில் என்னென்ன செய்தது என்பதைப் பார்த்தவர்கள் நாம். எதிர்ப்பக்கத்திலிருந்து அதே உவமையை எடுத்தாலும் அது உவமானத்துக்குள்ளே நம்மை அடைத்துவிடும். அன்று அம்மாவுக்கு நான் சொன்ன விடை மிக எளியது: “மரத்துக்கு வேறே சட்டம்மா.” அவர் சிரித்தார். “அதுக்காச்சும் ஒழுங்கான சட்டம் இருக்கட்டும்” என்றார்.

குளத்தருகே இருக்கையில் அமர்ந்து இடியப்பம் சாப்பிட்டோம். ஆமையொன்று கட்டையில் ஏறி வெயில் காய்ந்தது. செங்குரங்குகள் வந்தன. இங்கு ஒன்றை வற்புறுத்திச் சொல்கிறேன்: குரங்குக்கு உணவு கொடுக்காதீர்கள், உணவுப் பையை வெளித்தெரிய வைக்கவும் வேண்டாம். கொடுத்துப் பழகிய குரங்கு பின்னர் பிள்ளையின் கையிலிருந்து பறிக்கும். அதற்குப் பழி குரங்குக்கே வரும். அம்மா ஒரு குச்சியைத் தரையில் இருமுறை தட்டினார். அவை விலகிச் சென்றன. இது எந்தப் பயிற்சியில் கிடைத்த கலை என்று நான் கேட்கவில்லை.

இக்காட்டில் ஒரு துறவி மடத்தைப் பற்றியும் எழுத்தாளர்கள் அறிந்திருத்தல் நலம். ஜெர்மனியில் யூதக் குடும்பத்தில் 1901இல் பிறந்து பௌத்தத் துறவியான ஞானபோனிக தேரர், 1950களின் தொடக்கத்திலிருந்து 1994இல் இறக்கும் வரை இந்தக் காட்டு மடத்திலேயே வாழ்ந்தார். 1958இல் கண்டியில் தொடங்கப்பட்ட பௌத்த வெளியீட்டுச் சங்கத்தின் நிறுவனர்களில் ஒருவர். நாற்பது ஆண்டுக்கால எழுத்தும் பதிப்புப் பணியும் இந்த மரங்களுக்கிடையே நடந்தன. நமக்குச் சிற்றிதழொன்றை மூன்றாண்டு நடத்தவே மூச்சு முட்டுகிறது. காட்டுக் காற்றில் ஏதோ இருக்கிறது போலும்.

அன்றிலிருந்து என் வகுப்பிலே ஒரு மாற்றம் செய்தேன். திணைக் கோட்பாடு கற்பிக்குமுன் மாணவர்களை ஒரு காலைப்பொழுது இந்தப் பாதையில் நடக்க அழைத்துச் செல்கிறேன். ஒவ்வொருவரும் ஒரு மரத்தைத் தெரிவு செய்து, அதற்குத் தம் வீட்டில், தம் ஊரில் வழங்கும் பெயரைப் பெரியவர்களிடம் கேட்டுவர வேண்டும். நுவரெலியாவிலிருந்து வந்த பிள்ளை ஒரு பெயர் கொண்டுவரும். மட்டக்களப்பிலிருந்து வந்த பிள்ளை வேறொன்று. மாவனல்லையிலிருந்து வந்த முஸ்லிம் மாணவி மூன்றாவதொன்று. அதன் பிறகே நூலைத் திறக்கிறோம். இது ஆராய்ச்சியன்று, உல்லாசப் பயணம் என்று கூட்டமொன்றிலே மூத்தவர் ஒருவர் குறைபட்டார். உல்லாசம்தான், ஐயா, என்றேன். எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறைக்குக் கிடைக்காத உல்லாசம்.

இன்னும் நடக்க விரும்புவோர்க்கு ஒன்றிரண்டு சொல்கிறேன். நகரின் மறுபுறத்தில் துனுமடலாவக் காடு இருக்கிறது. முன்னாளில் பெருந்தோட்டமாக இருந்து, கைவிடப்பட்டபின் மீண்டும் காடாகிய நிலம். உள்ளே நீர்த்தேக்கங்கள் உண்டு. நம்மவர் கைகளால் வெட்டப்பட்ட காடு தானாக மீளுமா என்று ஐயுறுவோர் அங்கு சென்று பார்க்கலாம். சற்றுத் தொலைவாயினும் ஹோர்ட்டன் சமவெளி இருக்கிறது. பைரன் பாடிய அம்மையாரின் கணவர் பெயரே அதற்கும். அங்கே சுற்றுப்பாதை ஒன்பது கிலோமீற்றருக்கு மேல் நீளும். சிறு பிள்ளைகளோடு போனால் விடியலிலேயே தொடங்குங்கள். ‘உலக முடிவு’ என்னும் மலைவிளிம்பில் பிள்ளைகளின் கையை விடாதீர்கள். பனி விலகும்போது மிகக் கீழே தேயிலை மலைகள் தெரியும். எல்லோரும் அதைப் படமெடுப்பார்கள். அம்மா அங்கு வந்தபோது கூரைகளை எண்ணத் தொடங்கினார்.

என் மகள் அந்த முதல் நாளிலிருந்து ஒரு கொப்பி வைத்திருக்கிறாள். பக்கத்துக்கு மூன்று கட்டங்கள். முதலாவதன் தலைப்பு ‘அம்மாயி சொன்ன பேர்’. இரண்டாவது ‘போர்டில இருந்த பேர்’. மூன்றாவது ‘அம்மா சொன்ன பேர்’. இதுவரை இருபத்து மூன்று மரங்கள். மூன்றாவது கட்டத்தில் நிரம்பியவை ஆறு. அவற்றுள் நான்கு, வீட்டுக்கு வந்து நூலைப் பார்த்துச் சொன்னவை. பதினேழாவது வரிசையில் மூன்று கட்டங்களும் வெறுமையாக இருக்கின்றன; பக்கத்தில் ஒரு சிறு குறிப்பு: ‘அம்மாயிக்கு ஞாபகம் வரல. நாக்கு நுனில இருக்காம்.’

அந்த மரம் லேடி ஹோர்ட்டன் பாதையின் இரண்டாம் வளைவில், குளத்துக்கு இறங்கும் இடத்திலிருந்து சற்று மேலே, இடப்பக்கம் நிற்கிறது. அடிமரத்தில் பலகைபோல் பரந்த வேர்கள். இங்கிருப்போரில் யாருக்காவது, அல்லது உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்காவது, அது தெரிந்திருக்கக்கூடும். வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு வாயிலருகே நிற்போம். அம்மாவும் வருகிறார். பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். சவர்க்காரம் நாங்கள் கொண்டு வருகிறோம்.